தேடி வருபவருக்கு எழுதுங்கள்: கன்டென்ட் ரைட்டிங் வழியாக இணையத்தில் இடம்பிடிக்க முழுமையான வழிகாட்டி

இணையத்தில் தனக்கென ஓர் இருப்பு வேண்டும் என்று நினைப்பவர்களில் பலர் லோகோவிலிருந்து தொடங்குகிறார்கள். அடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், லிங்க்ட்இன் என்று கண்ணில் பட்ட எல்லாத் தளங்களிலும் கணக்கு திறக்கிறார்கள். என்ன எழுதுவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் உற்சாகம் பாதி வடிந்திருக்கும். கன்டென்ட் ரைட்டிங் என்பது தேடி வருபவரின் கேள்விக்குப் பதிலாக எழுதுவது. யார், எதைத் தேடி அலைகிறார்கள் என்பது முதலில் தெரிந்துவிட்டால் எங்கே எழுதுவது, எப்படிப் பரப்புவது, எதற்குக் காசு செலவழிப்பது என்பதெல்லாம் அதிலிருந்தே பிடிபடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கூட்டிச் செல்வோம். பழுதான பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, கிழிசலையும் கறையையும் நீக்கிச் சீரமைத்துத் தருபவர் ஒருவர். தனியாள். வேலை நன்றாகத் தெரியும், ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் இடத்தில் உங்கள் தொழிலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்விகளைச் சேகரியுங்கள்

வெற்றுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு தலைப்பு யோசிக்காதீர்கள். மக்கள் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளைப் பொறுக்கி எடுங்கள். உங்களிடம் வந்த பழைய மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள், தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை ஆகியவைதான் முதல் சுரங்கம். இரண்டாவது, கூகுள் தேடல் பெட்டி. சொல்லைத் தட்டத் தொடங்கியதும் கீழே இறங்கும் பரிந்துரைகளையும், முடிவுகளுக்கு நடுவே வரும் 'பிறர் கேட்ட கேள்விகள்' பகுதியையும் பாருங்கள். மூன்றாவது, உங்கள் துறை சார்ந்த யூடியூப் காணொளிகளின் பின்னூட்டங்கள். காணொளியில் விளங்காமல் போனதைத்தான் அங்கே கேட்டிருப்பார்கள். போட்டியாளர்களுக்கு வந்த ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர மதிப்புரைகளையும் விடாதீர்கள். எது கிடைக்காமல் மக்கள் எரிச்சலாகிறார்கள் என்று அவை நேரடியாகச் சொல்லிவிடும்.

கேள்வியை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். நம் புகைப்படக்காரர் 'டிஜிட்டல் மறுசீரமைப்புச் சேவை' என்பார். தேடுபவரோ 'போட்டோ கண்ணாடியில ஒட்டிக்கிச்சு எப்படி எடுக்கிறது' என்று தட்டுவார். அதையே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவர்களும் ஏராளம். உங்கள் அலங்காரச் சொல்லை ஒருவரும் தேடவில்லை என்றால் அந்தப் பக்கம் இருந்தும் இல்லாததுதான்.

சேர்ந்த கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள். வெறுமனே தெரிந்துகொள்ள விரும்புபவரின் கேள்வி: பழைய படங்கள் ஏன் மஞ்சளாகின்றன? வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவரின் கேள்வி: செல்பேசியில் படமெடுத்தால் போதுமா, ஸ்கேனர்தான் வேண்டுமா? வேலைக்கு ஆளைத் தேடத் தொடங்கிவிட்டவரின் கேள்வி: முகம் பாதி அழிந்த படத்தைச் சரிசெய்ய என்ன ஆகும், எத்தனை நாள் பிடிக்கும்? மூன்றாவது வகைக்குத் தேடுபவர்கள் குறைவு. ஆனால் வேலை கொடுப்பவர்கள் அவர்கள்தான். அதனால் அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் முதல் வகையிலிருந்து தொடங்கச் சொல்லும். எண்ணிக்கை காட்டுவதற்கு அது சுலபம், அவ்வளவே.

மக்கள் தட்டும் தேடல் சொற்களை (கீவேர்டு) அளந்து காட்டும் கருவிகளை ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டாம். கூகுள் ட்ரெண்ட்ஸ் 0 முதல் 100 வரை காட்டும் எண் ஒப்பீட்டளவுதான், எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு அல்ல. கூகுளின் கீவேர்டு பிளானர் விளம்பரதாரருக்காகச் செய்யப்பட்டது. விளம்பரம் ஓடாத கணக்குகளுக்கு அது பெரும்பாலும் தோராய வரம்பைத்தான் தரும். குறைவான பேர் பேசும் மொழிகளிலும் நுணுக்கமான கேள்விகளிலும் கருவி பூஜ்ஜியம் என்று காட்டும். ஒரே கேள்வியை மூன்று வெவ்வேறு வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்டிருந்தால் அந்தப் பூஜ்ஜியத்தைப் பொருட்படுத்தாமல் எழுதுங்கள்.

படி 2: உங்கள் பெயரில் ஓர் இடம்

ஒருகாலத்தில் பெருங்கூட்டம் இருந்த தளங்களான ஜியோசிட்டீஸ் 2009-லும், ஆர்குட் 2014-லும், வைன் 2017-லும், கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. அவற்றையே நம்பி ஆள் சேர்த்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சமூக ஊடகம் வேண்டாம் என்பதல்ல. அது ஆட்களை அழைத்துவரும் பாதை, எழுத்தைச் சேமித்துவைக்கும் இடமல்ல. சேமிப்பதற்குச் சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்று பதிந்த இணைய முகவரி, வேண்டும்.

டொமைன் வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளம் செய்து தருபவர் 'நானே வாங்கிவிடுகிறேன்' என்று தன் பெயரில் பதிந்துகொண்டு, உறவு கசந்தபின் தர மறுப்பது இந்தத் தொழிலில் வழக்கமான தலைவலி. தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கிவையுங்கள். பொதுவான டொமைன்களை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம்.

தளத்தை எதில் கட்டுவது என்று மாதக்கணக்கில் ஆராய வேண்டியதில்லை. 2003-ல் வந்த, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இன்று இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் இயக்குகிறது. எழுத்தையே பிரதானமாகக் கொண்ட தளத்துக்கு அது தாராளமாகப் போதும். தொடக்கத்தில் நான்கு பக்கங்கள் இருந்தால் சரி: என்ன செய்கிறீர்கள், யார் நீங்கள், எப்படித் தொடர்புகொள்வது, செய்த வேலைகளின் மாதிரி. தளம் எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரியில் திறக்க வேண்டும், செல்பேசியில் ஒழுங்காகத் தெரிய வேண்டும். கூகுள் இப்போது தளங்களின் செல்பேசி வடிவத்தைத்தான் முதன்மையாகப் படிக்கிறது. பக்கத்தின் பிரதான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது அதன் அளவுகோல். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுருக்கப்படாத படங்கள்தான். முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

படி 3: எழுதும் வேலை

நேரத்தில் பெரும்பங்கு போக வேண்டியது இங்கேதான்.

பதிலை முதலில் சொல்லுங்கள். கண்ணாடியில் ஒட்டிய புகைப்படத்தைப் பற்றிய பக்கம் என்றால், முதல் இரண்டு வாக்கியங்களிலேயே 'உரிக்க முயலாதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், எஞ்சியதைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வந்துவிட வேண்டும். காரணமும் விளக்கமும் பின்னால் வரட்டும். 'இன்றைய வேகமான உலகில்' என்று தொடங்கும் பத்தி உங்கள் வரைவில் இருந்தால் அப்படியே வெட்டுங்கள். பலருடைய வரைவில் கட்டுரை உண்மையில் தொடங்குவது இரண்டாம் பத்தியில்தான்.

அடுத்தது சான்று. எங்கும் கிடைக்கும் அறிவுரையை நீங்களும் திருப்பிச் சொன்னால் உங்கள் பக்கத்தைப் படிக்க ஒருவருக்கும் காரணமில்லை. செய்து பார்த்தவருக்கு மட்டும் தெரிந்தது ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். நம் புகைப்படக்காரர் 'உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள்' என்று எழுதினால் அது காற்று. 'நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1200-க்கு 1800 பிக்சல் கிடைக்கும். அதே அளவில் மறுபடி அச்சிட அது போதும். இருமடங்காகப் பெரிதாக்க நினைத்தால் 600 வையுங்கள்' என்று எழுதினால் படிப்பவர் உடனே எழுந்துபோய்ச் செய்வார். ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பல் இடுக்கு நூலை மெல்ல உள்ளே விட்டுப் பிரிக்கலாம் என்பதையும், எந்த நிலையில் அதைச் செய்யவே கூடாது என்பதையும் படத்தோடு காட்டினால், அவர் அந்தப் பக்கத்தைச் சேமித்துவைத்துக்கொள்வார்.

தேடல் முடிவுகளை மதிப்பிடும் ஆட்களுக்காக கூகுள் வைத்திருக்கும் நெறிமுறையில் நிபுணத்துவம், செல்வாக்கு, நம்பகத்தன்மை என்று முன்பு மூன்று அம்சங்கள் இருந்தன. 2022 டிசம்பரில் அனுபவத்தையும் சேர்த்தார்கள். இது நேரடியாக மதிப்பெண் போடும் விதியல்ல. ஆனாலும் தேடுபொறி எதைப் பாராட்ட முயல்கிறது என்பதற்கு நல்ல தடயம். எழுதியவர் யார், அவருக்கு இதில் என்ன பழக்கம் என்பது பக்கத்திலேயே தெரியட்டும்.

நீளத்துக்கு விதி கிடையாது. இத்தனை சொல் இருந்தால்தான் முதல் பக்கத்தில் வரும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பின்பற்ற வேண்டாம். கேள்வி தீர்ந்ததும் நிறுத்துங்கள்.

செயற்கை நுண்ணறிவில் எழுதலாமா? எப்படி உருவாக்கப்பட்டது என்பதைவிடப் பயனுள்ளதா என்றே பார்ப்பதாக கூகுள் சொல்கிறது. அதேசமயம், தேடல் முடிவுகளைப் பிடிக்க மலிவாகப் பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் விதிமீறலாக அறிவித்தது. மனிதர் எழுதியதானாலும் இயந்திரம் எழுதியதானாலும் அந்த விதி ஒன்றுதான். கேள்விகளை வரிசைப்படுத்த, விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க, எழுத்துப்பிழை பார்க்க அதைப் பயன்படுத்துங்கள். அனுபவத்தை மட்டும் அதனிடம் கடன் வாங்க முடியாது. அது கண்ணாடியிலிருந்து எந்தப் படத்தையும் பிரித்ததில்லை.

எழுதியதும் ஒரு நாள் ஆறப்போட்டு, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைக்கலாம். துணைத்தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாலே விஷயத்தின் போக்கு புரிய வேண்டும். செல்பேசியில் படிப்பவர் முதலில் அப்படித்தான் ஓட்டுவார்.

படி 4: தேடுபொறிக்கு வழிகாட்டுதல்

தேடுபொறி மூன்று வேலை செய்கிறது: பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது, படித்துப் பட்டியலில் சேர்க்கிறது, பிறகு வரிசைப்படுத்துகிறது. பலர் மூன்றாவதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அவர்களுடைய பக்கம் இரண்டாவதைக்கூடத் தாண்டியிருக்காது. தளம் திறந்த அன்றே, தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் பதியுங்கள். இலவசம்தான். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப்பைச் சமர்ப்பியுங்கள். எந்தப் பக்கம் பட்டியலில் ஏறவில்லை, ஏன் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பக்கத்திலும் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தலைப்பில் தேடுபவரின் சொல் இருக்கட்டும், பதிலின் வாசனையும் இருக்கட்டும். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வருவதற்காக எழுதும் சுருக்கமான மெட்டா டிஸ்கிரிப்ஷன் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் முடிவுகளைப் பார்ப்பவர் உங்களைத் தேர்ந்தெடுக்க அது தூண்டும். முகவரியைச் சுருக்கமாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் எழுத்தில் வைத்த முகவரியை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட சங்கிலியாக மாறிவிடும், அதை அழுத்தவே ஆட்கள் தயங்குவார்கள். படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி, எழுதுங்கள். பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு அதுதான் படம். தேடல் சொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்டு என்ற பெட்டியை யாராவது நிரப்பச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வலைத்தேடலின் தரவரிசையில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

உள் இணைப்புகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படங்கள் மஞ்சளாவது பற்றிய பக்கத்திலிருந்து ஸ்கேன் அளவு பற்றிய பக்கத்துக்கும், அங்கிருந்து சேவைப் பக்கத்துக்கும் இணைப்பு கொடுங்கள். 'இங்கே அழுத்தவும்' என்று வேண்டாம். போகும் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அந்தச் சொல்லிலேயே கொடுங்கள்.

வெளித்தளங்களிலிருந்து உங்கள் பக்கத்துக்கு வரும் இணைப்பு, அதாவது பேக்லிங்க், இன்றும் மதிப்புள்ளதுதான். அதைக் காசுக்கு விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இப்படிப்பட்ட செயற்கை இணைப்புகளைக் குறிவைத்து 2012-ல் கூகுள் தன் தேடலில் கொண்டுவந்த பென்குயின் என்ற மாற்றத்தில் பல தளங்கள் சரிந்தன. பணம் வாங்கிக் கொடுத்த இணைப்பை அப்படியே குறித்துக்காட்ட 2019 முதல் தனி அடையாளமே இருக்கிறது. மற்றவர்கள் தாமாக எடுத்துக்காட்டும்படி ஏதாவது ஒன்றைச் செய்துவையுங்கள். எந்த அளவுப் படத்துக்கு எந்த ஸ்கேன் அளவு, எவ்வளவு பெரிதாக அச்சிடலாம் என்ற ஒரே ஒரு நல்ல அட்டவணை, பத்துச் சாதாரணக் கட்டுரைகளைவிட அதிக இணைப்பைக் கொண்டுவரக்கூடும்.

தேடல் பக்கத்தின் மேலேயே செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லிவிடுகிறதே என்ற கவலை நியாயமானது. ஒரு வரியில் தீரும் கேள்விகளுக்கு வருகை குறையத்தான் செய்யும். பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயங்களில், அதாவது முன்-பின் படங்கள், செய்முறை, ஒப்பீடு, விலை விவரம் போன்றவற்றில், உங்கள் உழைப்பைப் போடுங்கள்.

படி 5: பரப்புதல்

ஒரே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வேலை கண்ணால் பார்க்கக்கூடியது என்றால் இன்ஸ்டாகிராம் அல்லது யூடியூப், நிறுவனங்களுக்குச் சேவை செய்கிறீர்கள் என்றால் லிங்க்ட்இன். அதில் பழகி, ஓரளவு ஆள் சேர்ந்த பிறகு இரண்டாவதைத் தொடலாம்.

இணைப்பை மட்டும் போட்டுவிட்டு 'புதிய கட்டுரை, படியுங்கள்' என்றால் எவரும் படிக்கப்போவதில்லை. பயனர் தன்னைவிட்டு வெளியே போவதை எந்தச் சமூகத் தளமும் விரும்பாது, பயனருக்கும் அவசரம். கட்டுரையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அங்கேயே முழுமையாகப் பயன்படும்படி கொடுங்கள். கிழிந்த படம் சரியாகும் அரை நிமிடக் காணொளி ஒன்று, செய்யக்கூடாத மூன்றைக் காட்டும் படத்தொகுப்பு ஒன்று, 'இதை எப்படிச் சரிசெய்வீர்கள்?' என்று கேட்கும் படம் ஒன்று. ஒரு நல்ல கட்டுரையிலிருந்து இப்படி ஒரு மாதத்துக்கான பதிவுகளை எடுத்துவிடலாம். வரும் பின்னூட்டங்களுக்குப் பதில் எழுதுங்கள். புதிய கேள்வி இருந்தால் முதல் படியில் தொடங்கிய பட்டியலில் சேருங்கள்.

படி 6: மின்னஞ்சல் பட்டியல்

எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுக்கும் சமூகத் தளங்களின் அல்காரிதம் குறுக்கிடாமல் வாசகரை அடைய இன்றும் இதுதான் வழி. பெயர்ப் பட்டியலை விலைக்கு வாங்காதீர்கள். கேட்காதவருக்கு அனுப்பினால் புகார்தான் குவியும். மின்னஞ்சல் முகவரிக்கு ஈடாகக் கைக்கு உதவும் ஒன்றைக் கொடுங்கள். நம்மவர் 'ஆல்பத்தை ஸ்கேன் செய்யும் முன் பார்க்க வேண்டியவை' என்று ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் தரலாம்.

தொழில்நுட்பத்தில் மூன்று சொற்களைத் தெரிந்துவைத்திருங்கள்: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்கும் ஏற்பாடுகள் இவை. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் பெருமளவில் அனுப்புபவர்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கின. ஜிமெயிலைப் பொறுத்தவரை, அதன் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புபவர் அந்த வகை. ஒரே அழுத்தத்தில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடாமலும் இருக்க வேண்டும். உங்கள் பட்டியல் சிறியதானாலும் இதைச் செய்துவிடுங்கள். அனுப்பும் சேவைகள் படிப்படியாக வழிகாட்டும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற சதவீதத்தைப் பார்த்துப் பூரிக்க வேண்டாம். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பயனர் திறக்காமலே படங்களை முன்கூட்டி இறக்குவதால், அந்த எண் ஊதிக் காட்டும். யார் பதில் எழுதினார்கள், யார் இணைப்பை அழுத்தினார்கள் என்பதே உருப்படியான கணக்கு.

படி 7: விளம்பரம்

எழுத்து வழியாக ஓரிருவராவது வந்து வேலை கொடுத்த பிறகு விளம்பரத்துக்குப் போங்கள். வந்தவரை வாடிக்கையாளராக்காத பக்கத்துக்குக் காசு கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது வீண்.

தேடல் விளம்பரமும் சமூக ஊடக விளம்பரமும் வேறு வேறு. முன்னதில் ஆள் ஏற்கனவே தேடிக்கொண்டிருக்கிறார். பின்னதில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவரை நீங்கள் நிறுத்துகிறீர்கள். சேவைத் தொழிலுக்கு முதலில் தேடல் விளம்பரத்தையே பரிந்துரைப்பேன். தொடங்கும் நாளிலேயே நெகட்டிவ் கீவேர்டுகளை, அதாவது எந்தச் சொற்களுக்கு விளம்பரம் காட்டக் கூடாதோ அவற்றை, சேருங்கள். 'இலவச', 'ஆப்', 'வேலைவாய்ப்பு', 'பயிற்சி' போன்ற சொற்களோடு தேடுபவர் அழுத்தினாலும் காசு போவது உங்களுக்குத்தான். வாரம் ஒருமுறை, உண்மையில் எந்தச் சொற்களுக்கு விளம்பரம் காட்டப்பட்டது என்ற அறிக்கையைப் பார்த்தால் சேர்க்க வேண்டியவை இன்னும் கிடைக்கும். சமூக ஊடகங்களில் பதிவுக்குக் கீழே கண் சிமிட்டும், காசுக்குப் பதிவைப் பரப்பும் 'பூஸ்ட்' பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பெரும்பாலும் அது விருப்பக்குறிகளைக் கூட்டும், விசாரணைகளை அல்ல.

படி 8: அளந்து பார்த்தல், பழையதைத் திருத்துதல்

மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். அதிகம் காட்டப்பட்டும் குறைவாக அழுத்தப்படும் பக்கம் எது? அதன் தலைப்பை மாற்றி எழுதுங்கள். தேடல் முடிவுகளில் 8 முதல் 20 வரையான இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கும் பக்கங்கள் எவை? புதிதாக ஒன்று எழுதுவதைவிட இவற்றில் விட்டுப்போன கேள்வியைச் சேர்ப்பது சீக்கிரம் பலன் தரும். அங்கே 16 மாதத் தரவு கிடைக்கும் என்பதால் போன ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிடலாம். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருந்தால், விரிவான ஆய்வுக்கான தரவை இயல்பாக 2 மாதம்தான் அது வைத்திருக்கும். அமைப்பில் போய் 14 மாதமாக மாற்றிவிடுங்கள். பகிரும் இணைப்புகளின் முடிவில் யுடிஎம் என்ற அடையாளக் குறியீடு சேர்த்தால் எந்தப் பதிவு ஆளை அழைத்துவந்தது என்று பிரித்தறியலாம். இத்தனைக்கும் மேல், தொடர்புப் படிவத்தில் 'எங்களைப் பற்றி எப்படித் தெரியவந்தது?' என்று ஒரு பெட்டி வையுங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார் என்பது எந்தக் கருவிக்கும் முழுதாகத் தெரியாது.

புதிய தளத்துக்குத் தேடல் வழியாகக் குறிப்பிடத்தக்க வருகை வர மாதங்கள் ஆகும். ஒரு வாரத்தில் முதலிடம் என்று உறுதியளிப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். யாராலும் அப்படி உறுதி தர முடியாது என்று கூகுளே எச்சரிக்கிறது. வாரம் ஒன்று எழுத முடியாவிட்டால் மாதம் இரண்டு எழுதுங்கள், விடாமல் எழுத முடிந்த வேகம் எதுவோ அதுவே சரியான வேகம்.

ஆண்டுக்கு இருமுறை பழைய பக்கங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். தகவல் பழசாகியிருந்தால் திருத்துங்கள். உள்ளே ஒன்றையும் தொடாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பது வாசகரை ஏமாற்றுவது. ஒரே விஷயத்தை அரைகுறையாகச் சொல்லும் இரண்டு பக்கங்கள் இருந்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அதற்குள் சேர்த்துவிடுங்கள். நீக்கிய பக்கத்தின் முகவரியிலிருந்து வைத்துக்கொண்ட பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அந்தப் பழைய முகவரிக்கு வெளியிலிருந்து வந்த இணைப்புகள் எல்லாம் பிழைப்பக்கத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கும்.